படகு மியூசிக்கில் வரும் தட்டல்

விமல்ராஜுக்கு இன்னொரு கரண்டி கேசரி வைக்கலாமா என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான பையன். சென்னையிலிருந்து கம்ப்யூட்டரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தான். காதில் ஹெட்போனை மாட்டியதிலிருந்து தட்டைத் தொடவே இல்லை.

அன்று எங்கள் வேங்கிக்கால் வீட்டில் கல்யாணக் களை. இசையமைப்பாளர் கண்ணாயிரம் இறந்து பத்து வருடம். அவர் நினைவு நாளில் ரசிகர்களெல்லாம் என் வீட்டில்தான் கூடுவோம். அழுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஒருவர் வாயாலேயே ஒரு பின்னணி இசையை வாசித்துக்காட்ட வேண்டும். மற்றவர்கள் எந்தப் படம், எந்தக் காட்சி என்று கத்த வேண்டும். தேரடித் தெருவில் கேசட் கடை வைத்திருக்கும் ஆதிமூலம் மூக்காலேயே ஷெனாய் வாசிப்பார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் சரோஜா டீச்சர் நாக்கை மடித்து வயலின் வாசிப்பாள்.

"கதாநாயகி கெணத்துல குதிக்கிற சீனு! கரெக்டா?" என்றார் ஆதிமூலம், தானே வாசித்துவிட்டுத் தானே பொறுக்கமாட்டாமல்.

"அவ தண்ணி எடுக்கப் போறாண்ணே," என்றாள் சரோஜா. "உங்க மூக்கு வாசிச்சா யாருக்கும் குதிக்கணும்னுதான் தோணும்."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

கடைசியில் எப்போதும் படகு மியூசிக். ஆற்றில் படகு போகும். கதாநாயகி திரும்பிப் பார்க்கமாட்டாள். அவளுக்காகப் புல்லாங்குழல் திரும்பிப் பார்க்கும். பாட்டுக் கேசட்டில் அது வரவில்லை. படத்தின் பிரிண்டும் அழிந்துவிட்டது. மிச்சமிருப்பது நான் டிவியிலிருந்து பிடித்த ஒரே கேசட். ஆதிமூலம்தான் அதைக் காப்பி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார். குழலுக்கு அடியில் டொம், டொம் என்று ஒரு தட்டல் வரும். எல்லோருக்கும் அதுதான் உயிர். அந்த இடம் வந்துவிட்டால் தொடை, நாற்காலி, எதிரே இருப்பவர் முதுகு, கிடைத்ததையெல்லாம் தட்டுவோம்.

"கொழலுக்குக் கீழ இப்டி ஒரு அடிய வைக்கணும்னு எந்த மனுஷனுக்குத் தோணும்? சாமிம்மா அவரு," என்பார் ஆதிமூலம், வருடம் தவறாமல்.

அந்தக் கேசட்டைச் சுத்தம் செய்து சிடியாகப் போடத்தான் விமல்ராஜ் வந்திருந்தான். எல்லோரும் சாப்பிட மாடிக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இந்தத் தட்டல் வாத்தியமே இல்ல. டிவியில இருந்தும் வரல. பக்கத்துல எங்கயோ மரப்பலகை மேல விழுற அடி. எடுத்துட்டா கொழல் கண்ணாடி மாதிரி கேக்கும். எடுத்துடட்டுமா?"

நல்ல காது. பத்து வருடத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவனுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன்.

என் கணவர் சகாதேவன் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். என்னைவிடப் பெரிய ரசிகர். டிவியில் கண்ணாயிரம் இசையமைத்த படம் போட்டால் எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்துவோம், ஜன்னலைச் சாத்துவோம், குக்கரை இறக்கிவிடுவோம். டேப் ரெகார்டரை டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். ஆனால் அவருக்கு இளைப்பு. ஒருமுறை நல்ல இடத்தில் இருமி எல்லாம் பாழாயிற்று. தலையில் தானே குட்டிக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த தடவ இருமல் வந்தா என்னைய ஸ்டோர் ரூம்ல போட்டு மூடிடு ஆதிலட்சுமி. நான் கெஞ்சினாக்கூடத் தொறக்காத."

கண்ணாயிரம் இறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படகுப் படத்தைப் போட்டார்கள். இனி எப்போது போடுவார்களோ. காலையிலிருந்தே எங்கள் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. படகு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் நெஞ்சு கீச்சிட ஆரம்பித்தது. அவரே வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணால் சிரித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போனார். அந்தக் கதவு தானாகத் திறந்து கிரீச்சிடும். அதனால் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். வேறு எண்ணம் இல்லை.

குழல் ஆரம்பித்தது. தட்டலும் ஆரம்பித்தது. இளைப்பு முற்றினால் அவருக்குக் குரல் வராது, கைதான்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன்: தட்டல் குழலோடு சேர்ந்தே போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை. அவருடைய நீல நிற இன்ஹேலர் டிவியின் மேல் இருந்தது. படகு ஓடி முடிகிறவரை என் கண்ணுக்கு நேரே இருந்தது.

குழல் அடங்குவதற்குள் தட்டல் மெலிந்து, இடம் விட்டு விட்டு விழுந்து, நின்றது. அந்த மெலிவைக் கேட்டால் சரோஜாவுக்கு இன்றும் கண் கலங்கும். கேசட்டின் அந்தப் பக்கமும் தீர்ந்தது. கடைசிக் காட்சியின் இசை பாக்கி இருந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அப்போது வீடு நல்ல அமைதியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பிசிறு கிடையாது.

படம் முடிந்ததும் தாழ்ப்பாளை எடுத்தேன். டாக்டர் இளைப்பு என்றார். நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்ததாக அக்கம்பக்கத்தில் அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அவர் கேட்டபடிதான் செய்தேன். வருடாவருடம் ஒரு கூட்டமே அவர் கையை மெச்சிக் கொண்டாடுகிறது. எந்தக் கிளார்க்குக்கு இது கிடைக்கும்?

விமல்ராஜ் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். மாடியில் சாப்பாடு முடிந்து கச்சேரி தொடங்கிவிட்டது. ஆதிமூலத்தின் மூக்கு, சரோஜாவின் சிரிப்பு, எவர்சில்வர் தட்டுகளில் டொம், டொம்.

"டிவி சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னு சொல்லுங்கக்கா," என்றான். "அது ஒண்ணு சொல்லுங்க, போதும்."

பாவம். அவனுக்காகவாவது சொல்லியிருக்கலாம். கேசட்டை எடுத்து முந்தானையில் துடைத்து, உறையில் போட்டு மூடினேன்.

"எல்லா அடியும் கேட்டுச்சு தம்பி," என்றேன். "ஒண்ணுகூடத் தாளம் தப்பல."