சபையில் வைக்கப்பட்ட பாலம்

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. ஐப்பசி பிறந்தால் பாத்தி, வரப்பு எல்லாம் ஒரே வெள்ளமாகிவிடும். அந்த மாதங்களில் சிலர் சீட்டாடுவார்கள், சிலர் வேறு கூலிக்குப் போவார்கள். நான் ரேடியோ கேட்பேன். அதிலும் நாடாளுமன்றச் செய்தி என்றால் எழுந்து போக மாட்டேன். இந்தப் பழக்கத்தில் கெடுதல் இருப்பதாக எனக்கு வெகுநாள் தோன்றவில்லை.

உதவிப் பொறியாளர் காசிலிங்கத்தைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மட்டும்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரிப் பதில்கள் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினேன். நான் அந்தக் காலத்துப் பி.யு.சி. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர். ஊரில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

எங்கள் ஊர் கழிமேடு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஓடை. ஓடையைத் தாண்டினால்தான் உப்பளம், தார்ச்சாலை, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம். ஓடைமேல் ஒரு மரப்பாலம் இருந்தது. இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் சுனாமி அதைக் கொண்டுபோனது. ஆட்கள் பிழைத்தோம், பாலம் போனது. புது கான்கிரீட் பாலத்துக்கு நிவாரண நிதியிலிருந்து மூன்றே வாரத்தில் உத்தரவு வந்தது. அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

காண்டிராக்டர் வந்தான். ஓடைக்குள் நான்கு தூண் எழுப்பினான். அதற்குள் மார்ச் முடியப் போகிறது என்றார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் வேலை முடிந்ததாகக் காகிதம் போகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். இது எல்லா வேலைக்கும் உள்ள நடைமுறைதான், காகிதம் முதலில், வேலை பிறகு. காகிதம் போயிற்று. பில் பணமும் போயிற்று. காண்டிராக்டரும் போய்விட்டான்.

தூண்களை நாங்கள் வீணாக்கவில்லை. கரையிலிருந்து கரைக்கு, தூணுக்குத் தூண் ஒன்றாக ஐந்து பனைமரங்களைப் போட்டு, இரண்டு முனையிலும் கயிற்றால் இறுக்கினோம். கைத்தாங்கலுக்கு ஒரு நீள மூங்கில் கழியைக் கரையில் வைத்தோம். அதை ஊன்றிக்கொண்டு அக்கரை போகிறவர், திரும்பி வருகிறவரிடம் கொடுத்துவிடுவார்.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் விடாத மழை. ஒரு நாள் மதியம், வெள்ள நிவாரண அரிசி பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள் என்று என் மனைவி தெய்வநாயகி டோக்கனை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"ஏங்க, கூட வர்றீங்களா? மரம் வழுக்குது."

"செய்தி ஓடுது. முடியட்டும், வர்றேன்."

"அதுக்குள்ள அரிசி முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொதுச் சேவைகளுக்கு அரசு செய்யும் செலவு பற்றி அன்று மக்களவையில் விவாதம் நடந்ததாம். வடக்கே எங்கோ ஒரு தொகுதியின் உறுப்பினர் பேசியதை ரேடியோவில் சொன்னார்கள். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறவர்களே அந்த வேலையை முதலில் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தால் நாட்டில் பாதிக் குறை தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னபோது சபையில் சிரிப்பு எழுந்ததாம். எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. வானிலை அறிக்கை வந்தபோது பக்கத்து வீட்டு ஆராயி ஓடிவந்தாள். மூன்றாவது மரம் உருண்டுவிட்டது என்றாள்.

தெய்வநாயகியை இரண்டு நாள் கழித்து முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்தோம். டோக்கன் முந்தானையிலேயே இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளியை நான் வைத்தேன்.

இழப்பீடு கேட்டு எழுதினேன். பாலம் இல்லாததால் இறந்தார் என்பது பதிவேட்டுடன் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பதிவேட்டில் பாலம் இருக்கிறது. பாலம் இருக்கிற இடத்தில் ஒருத்தி தண்ணீரில் இறங்கினால் அது அவளுடைய கவனக்குறைவு. பதிலில் எழுத்துப்பிழைகூட இல்லை. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். அவர் நல்ல மனிதர். மறு வருடம் மார்ச்சில் கேள்வியாகவே கேட்டுவிட்டார். சபைக் குறிப்பின் நகலைத் தபாலில் எனக்கு அனுப்பியும் வைத்தார். கழிமேட்டுப் பாலம் முடிந்ததா? முடிந்தது, பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது, பயனாளிகள் சங்கத்தின் சான்று பெறப்பட்டுள்ளது என்று அமைச்சர் பதில் சொல்லியிருந்தார். உறுப்பினர் விடவில்லை. அதன்மேல் ஒரே ஒரு மனிதர் நிற்பதையாவது காட்டுங்கள் என்றார். புகைப்படம் சபையில் வைக்கப்படும் என்று அமைச்சர் உறுதி கொடுத்தார். அடுத்த கேள்வி மிளகாய் விலை பற்றியது.

டீக்கடையில் இதைப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் சுப்ராயன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏம்பா செயலாளரே, டில்லியிலயே பாலம் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. நமக்குத்தான் பாக்கத் தெரியல. கண்ணு டாக்டர் கேம்ப் வந்தா ஊரோட போயிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உறுதி கொடுத்த புகைப்படத்தை எடுக்க எட்டு மாதம் ஆயிற்று. போன கார்த்திகையில், உறுதிமொழிகளைக் கவனிக்கும் குழு ஒன்று நினைவூட்டல் அனுப்பிய பிறகுதான், பாலத்துக்குப் பொறுப்பான காசிலிங்கம் சார் டீக்கடைக்குப் போன் செய்தார். "வியாழக்கெழமை வர்றேன்யா. அந்தப் பாலத்து ஃபைலும் கேட்டிருக்காங்க, அதையும் பையில போட்டு எடுத்துட்டு வர்றேன். ஒருவாட்டி பாத்துட்டு அனுப்பிடலாம்."

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காண்டிராக்டருக்கு அவர் எத்தனையோ நோட்டீஸ் அனுப்பினார். தெய்வநாயகியின் காரியத்துக்கு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் போனார். சர்க்கரை வியாதிக்காரர்; சட்டைப்பையில் எப்போதும் நாலு பிஸ்கட் இருக்கும்.

வியாழக்கிழமை விடிந்ததும் நான் ஓடைக்குப் போனேன். மூன்றாவது மரத்தின் இரண்டு முனைக் கயிற்றையும் அவிழ்த்து, இறுக்கமில்லாமல், பார்க்கக் கட்டியிருப்பது போலச் சுற்றிவைத்தேன். பிறகு கரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். அக்கரை போக வந்த எல்லாரையும், மரம் சரியில்லை, மதியத்துக்கு மேல் போங்கள் என்று திருப்பி அனுப்பினேன். ஆராயி இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் அனுப்பினேன். ஊரில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, அக்கரையில் குடையோடு நின்றார். நான் எனக்குத் தெரிந்த வழியாக, சதுப்பைச் சுற்றி இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து அவரிடம் போனேன். கழியையும் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

"என்னய்யா சிவஞானம், நம்ம பாலத்த டில்லி வரைக்கும் கொண்டுபோய் வச்சிட்டீங்களே."

"நான் எங்க சார் கொண்டுபோனேன்? அதுவாப் போச்சு."

சிரித்தார். "தை மாசம் வேற ஆள வச்சு முடிச்சுக் குடுத்துடறேன், சத்தியமா. இப்போதைக்கு ஒரே ஒரு போட்டோ. தூண் தெரியணும், மேல ஒரு ஆள் நிக்கணும், அவ்ளோதான். நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்."

"நான் நின்னா உப்பு வார்ற ஆளு வழி தவறி நிக்கற மாதிரி இருக்கும் சார். ஆபீசர் நின்னாதான் சபைக்கு எடுபடும்."

"எனக்கு நீச்சல் தெரியாதுய்யா."

"பாலத்துல நிக்கறதுக்கு நீச்சல் எதுக்கு சார்?"

கேமராவை என்னிடம் கொடுத்தார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பையைத் தோளில் மாட்டியபடியே, கையை அகல விரித்து, அடிமேல் அடி வைத்துப் போனார். ஒரு மரம் தாண்டினார். இரண்டாவது தாண்டினார். மூன்றாவதின் நடுவில் நின்று என் பக்கம் திரும்பி, "சிரிக்கலாமா வேணாமாய்யா?" என்று கேட்டார்.

"லேசா சிரிங்க சார்" என்றேன். அழுத்தினேன். படம் நன்றாக விழுந்தது. அப்புறம்தான் மரம் உருண்டது.

நான் அவரைத் தள்ளவில்லை. அவர் எழுதிய பாலத்தில் அவரை நிற்கச் சொன்னேன். சட்டமாக வர வேண்டும் என்று சபையிலேயே ஓர் உறுப்பினர் கேட்டதுதான் அது.

கழி கையில் இருந்ததே, நீட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீட்டினேன். அவர் கையைத் தூக்கியபடி இருந்தார். பை அவருக்குப் பக்கத்தில் மிதந்தது. பைக்கு எட்டியது. இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் கேமராவை அவருடைய அலுவலகத்தில் கொடுத்தேன். சார் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. அவரை முகத்துவாரத்தில் எடுத்தபோது, கடலில் குளிக்கும்போது அலை இழுத்துவிட்டது என்று எழுதினார்கள். பேன்ட், சட்டை, பெல்ட்டோடு குளித்திருக்கிறார். அவர்களும் பாவம், வேறு என்ன எழுத முடியும்? ஓடையில் விழுந்தார் என்றால் எங்கிருந்து விழுந்தார் என்ற கேள்வி வரும். பாலத்தில் நிற்கிறவர் விழ முடியாது. பாலம் முடிந்துவிட்டது.

அந்தப் படம் போன வாரம் சபையில் வைக்கப்பட்டது. உறுப்பினர் எனக்கு ஒரு நகல் அனுப்பினார். உங்கள் குறை தீர்ந்ததில் மகிழ்ச்சி என்று கைப்பட எழுதியிருந்தார். படத்தில் காசிலிங்கம் சார் லேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கீழே, பயன்பாட்டில் உள்ள பாலம்.

இவ்வளவோடு முடிந்திருக்கும். பத்து நாளைக்கு முன் அவருடைய மனைவி சிவசங்கரி என்னைத் தேடி வந்தார்.

"அவருக்குக் கடல்னாலே பயம்ங்க. காலக்கூட நனைக்க மாட்டாரு. குளிக்கப் போனாருன்னு எழுதிட்டாங்க, வேலையில செத்தாருன்னு எழுத மாட்டேங்கறாங்க. நீங்க எழுதினா டில்லியே பதில் சொல்லுதாமே. ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணா."

எழுதிக் கொடுத்தேன். தொழில் சுத்தமாக, ஒரு குறை வைக்காமல் எழுதினேன். மரணத்தில் சந்தேகம் இருக்கிறது, ஓடைப் பக்கம் விசாரிக்க வேண்டும் என்ற வரியும் என்னுடையதுதான். அந்த மனுவைத்தான் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நான் எழுதிய மனு எதுவும் வீண்போனதில்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பயனாளிகள் சங்கத்தின் சான்று என்று அமைச்சர் சொன்னாரே, அந்தக் காகிதம் பைக்குள் இருந்த ஃபைலில்தான் இருந்தது. பயனாளிகள் என்று அதில் காட்டியிருந்தது எங்கள் உப்பளச் சங்கத்தைத்தான்; செயலாளர் என்ற இடத்தில் உள்ளது என் கையெழுத்து. பொறியாளர் கையெழுத்து அதற்குக் கீழே. அது டில்லிக்குப் போயிருந்தால் படிக்கிறவர்கள் தவறாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மார்ச் மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து காகிதத்தை நீட்டியபோது தெய்வநாயகி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"கட்டாத பாலத்துக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்று கேட்டாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. நாளைக்குக் கட்டிடுவாங்க" என்றேன்.

எல்லாரும் போடுவதைத்தான் நானும் போட்டேன். அது நடைமுறை. அந்தக் காகிதம் இப்போது இல்லை. உப்புத் தண்ணீரில் கரைந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகவே, காசிலிங்கம் சாரின் சாவுக்கு நான்தான் காரணம், கயிற்றை அவிழ்த்தது நான்தான் என்று முழு நினைவோடு ஒப்புக்கொள்கிறேன். என் மனைவியின் சாவில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதையும் தனியாக ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய இடம் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மேலே என்ன எழுத வேண்டுமோ பிறகு எழுதிக்கொள்ளலாம்.