பன்னிரண்டாம் அடிக்கு முன் சொல்லாத சொல்

பெயர்: மொங்கி வெஸ்லாத்தி. தகப்பனார் பெயர்: தாஹர். வயது: 46. தொழில்: கோதுமை விவசாயம், டிராக்டர் பழுது பார்த்தல். முகவரி: அய்ன் ஸம்ரா கிராமம், பேஜா மாவட்டம், துனீசியா.

மேற்படி முகவரியில் நான் குடியிருந்து வருகிறேன். கை நசுங்கி மருத்துவமனையில் இருக்கும் ஹெடி ஜ்லாஸி என் தங்கை ஸல்ஹாவின் முன்னாள் கணவன். பதினான்கு மாதங்களுக்கு முன் அவளை மணவிலக்குச் செய்து, ஒரு பெட்டியோடு என் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவனோடு ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று அன்றே சத்தியம் செய்தேன். உறவாக இருந்தபோது சேர்ந்து வாங்கிய பழைய டிராக்டர் மட்டும் இன்னும் பொதுவில் இருக்கிறது.

சென்ற வாரம் இந்தப் பருவத்தின் முதல் மழை பெய்தது. விதைப்பு ஈரம் பத்து நாள்தான் தாங்கும். ஆனால் டிராக்டரின் முன்னச்சு மேடு பள்ளத்தில் அசையாமல் விறைத்து நின்றது. அச்சை நடுவில் தாங்கும் ஆணி துருவேறி இறுகியிருந்தது. அவன் முறை வரும்போதெல்லாம் கிரீஸ் அடிக்காததுதான் காரணம். இதை எழுதிக்கொள்ளவும்.

இருவருக்கும் விதைக்க வேண்டியிருந்ததால் நேற்று காலை எட்டு மணிக்கு நானும் ஹெடியும் டிராக்டரை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து, பூட்டு போல்ட்டைக் கழற்றினோம். அதன் பிறகு ஹெடி கேஸ் தீயை ஆணியின் மேலேயே காட்டினான். ஆணியைச் சுட்டால் அது பருத்து இன்னும் இறுகும்; சுற்றியுள்ள இரும்பைத்தான் சுட வேண்டும். அவனோடு பேசக்கூடாது என்பதால் டிராக்டரிடம் சொன்னேன்.

"ஏ கிழட்டு வண்டி, உனக்கு வைத்தியம் பாக்க வந்தவனுக்கு எங்க சூடு வைக்கணும்னுகூடத் தெரியலையே!"

அவனும் டிராக்டரிடமே பதில் சொன்னான்.

"நீ கண்டுக்காத. அவனுக்கு வாய் மட்டுந்தான் வேலை பாக்கும்."

அதன் பிறகு சுட வேண்டிய இடத்தில் நான் சுட்டேன். அவன் குந்தி உட்கார்ந்து, ஆணியின் மேல் வைத்து அடிக்கும் இரும்புக் கம்பியை வலது கையால் பிடித்தான். நான் சம்மட்டி எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் கம்பி விலகும். அவன் இடது உள்ளங்கையால் அதன் வெளிமுனையை அழுத்தி மறுபடி பொருத்துவான். அவன் கண் ஆணியில்தான் இருக்கும், சம்மட்டியைப் பார்க்க மாட்டான். அடிப்பவன் ஆண்டவன் பெயரைச் சொல்லி "பிஸ்மில்லா" என்றதும் பிடிப்பவன் அந்தக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் இரும்பு அடிக்கிறோம். அந்தச் சொல் ஆண்டவனுக்குரியது, ஹெடிக்கல்ல. ஆகவே என் சத்தியம் முறியாது என்று நினைத்து, பதினொரு அடிக்கும் அதை உரக்கவே சொன்னேன். ஆணி அசையவில்லை.

அதன் பிறகு ஹெடி கம்பியைப் பொருத்தியபடியே டிராக்டரிடம் சொன்னான்.

"இந்த ஆணியும் அவன் தங்கச்சி மாதிரிதான். நாள் பூரா அடிச்சாலும் அப்படியே கெடக்கும். நான் அடிச்சுப் பாத்தவன்ல, எனக்குத் தெரியும்."

அவன் அவளை அடித்தது எனக்கு அதுவரை தெரியாது. வந்த நாளிலிருந்து ஸல்ஹா வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறாள். குளிர் என்பாள். நானும் நம்பினேன்.

அதன் பிறகு சம்மட்டியை ஓங்கி அடித்தேன். அவன் "மச்சான்!" என்று அலறினான். மணவிலக்குக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் கையைத் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டு வண்டியில் நானே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். ஆணி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாவது அடிக்கு முன் "பிஸ்மில்லா" சொன்னாயா என்று போலீஸ் அதிகாரி கேட்டார். சொல்லாமல் அடித்தேன். மறந்து போயிருக்கலாமே, அப்படியென்றால் இது விபத்து, நாளைக்கே நீ விதைக்கப் போகலாம் என்றார். நல்ல மனிதர்.

இந்த வாக்குமூலத்தை எழுத்தர் எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: "மறந்து சொல்லாமல் அடித்தேன்" என்று அவர் எழுதியிருந்ததில் "மறந்து" என்ற சொல் என் வேண்டுகோளின்படி அடித்து நீக்கப்பட்டது. நீக்கிய இடத்திலும் கீழேயும் என் கையொப்பம்.

(ஒப்பம்) மொங்கி வெஸ்லாத்தி