பையிலிருந்து நான் எடுத்த மாத்திரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் குலத்தலைவர் அவர்களே! அஸீர் மலைக்கே பெருமை சேர்க்கும் பெரியோர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே! உங்கள் அனைவர்மீதும் இறைவனின் அமைதி பொழியட்டும்.

வீரம் பேச வரவில்லை. விருந்து பேச வரவில்லை. என் பயத்தைப் பேச வந்திருக்கிறேன். இந்த முஷப்பபுக்கா பயம் என்று பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான்.

தயமின் என்றொரு சத்து. செல்லுக்குள் நுழைந்ததும் அது துணைநொதியாகிறது. உண்ட சோற்றை உயிராக்கும் நொதிகள், அந்தத் துணை வராவிட்டால் கைகட்டி நின்றுவிடும். அடுப்பு உண்டு, விறகு உண்டு, தீக்குச்சி இல்லை! நம் குலத்துப் பிள்ளைகள் சிலருக்கு, மூளைச் செல்லில் அது நுழையும் வாசல் பிறவியிலேயே பழுது. தினமும் மாத்திரையாய் அள்ளிக் கொடுத்தால் பிள்ளை ஓடும், ஆடும். நிறுத்தினால்?

என் இளையவள் ரீமாஸுக்கு அந்த மாத்திரை உண்டு. யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது! போன ரமலானில் அவளை என் தங்கை முனீரா வீட்டுக்கு அனுப்பினோம். மனைவி பையில் வைத்த மாத்திரையை நான்தான் வெளியே எடுத்தேன்.

மனைவியிடம் சொன்னேன்: "நாலு நாள்தானே? உன் நாத்தனார் கண்ணுல பட்டா, நம்ம மூத்தவளை அவ மகனுக்குக் கேப்பாளா?"

நாலாம் நாள் மதியம் தொலைபேசி அலறியது.

"அண்ணே, புள்ளைக்குக் காய்ச்சல். கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. கண்ணு பட்டிருக்கும்னு ஓதி ஊதிப் பாத்தேன். பயமா இருக்குண்ணே, ஓடி வா!"

ஐயோ, நான் கண்ட காட்சி! கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய் திறந்திருக்கிறது, பேச்சு இல்லை. அள்ளிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கேட்கிறார்: "தினமும் ஏதாவது மருந்து குடுக்குறீங்களா?" பக்கத்தில் தங்கை. பெற்ற மகள் கண்முன்னே போகிறாள், நான் கல்யாணப் பேச்சுக்கு அஞ்சி நிற்கிறேன்! "வாயத் திறங்கய்யா!" என்று அவர் அதட்டிய பிறகுதான் சொன்னேன்.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, என் சின்னவனுக்கும் அதே மாத்திரைதான். அரிசி மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன். புள்ளையப் பாத்ததுமே சந்தேகம் வந்துச்சு. கேட்டா என் வீட்டு விஷயமும் தெரிஞ்சு நீ பொண்ணு குடுக்க மாட்டியோன்னு கேக்கல."

கேட்டீர்களா பெரியோர்களே? ஏன், இப்போது யாரும் சிரிக்கவில்லையே! என் மகள் கிடந்த அறைக்கு அடுத்த அறையில் மருந்து இருந்தது!

ரீமாஸ் பிழைத்தாள். பேச்சு திரும்பியது. இடது கை இன்னும் நடுங்குகிறது. அந்த நடுக்கம் நோய் கொடுத்ததா? இல்லை, நான் கொடுத்தது!

தாய்மார்களே, இந்த மண்டபத்தில் இன்னும் எத்தனை அரிசி மூட்டைகள்? அந்த மாத்திரையை விருந்தினருக்கு ஊற்றும் காவாக் காப்பி ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள், வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும். என் வீட்டில் அங்கேதான் இருக்கிறது. செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. பிள்ளைகளோடு பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள், ஸலாம்.