கிழங்குக்கு விட்ட அறை

மார்ச் தொடக்கத்தில், பாரிஸின் லா சப்பல் மரக்கறிக் கடை வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். தடித்த கோட் போட்டிருந்தவர் மற்றவரிடம் சொன்னார்:

“ரெண்டு கிழமையா இந்தக் கோட்டோடைதான் படுக்கிறன், அக்கா.”

“ஏனடி?”

“இவர் தோட்டத்துக்கு விதை உருளைக்கிழங்கு வாங்கி, முட்டைத் தட்டுகளிலை அடுக்கி, எங்கடை அறை யன்னலடியிலை முளைக்க வைச்சிருக்கிறார். வெளிச்சம் வேணுமாம், சூடு ஆகாதாம். அறையைச் சூடாக்கிற சோஃபாஜை நிப்பாட்டிப்போட்டார்.”

“முளைச்சிட்டுதே?”

“ஓம். விடிய எழும்பினா அதுகளின்ரை முகத்திலைதான் முழிக்கிறார்.”

“அப்ப நீ ஹோலிலை போய்ப் படன்.”

“படுக்கலாம்.” பையை மற்றக் கைக்கு மாற்றினார். “அந்தாளுக்குக் குளிர் தாங்காதக்கா. ராவிலை கால் வந்து என்ரை காலைத் தேடும்.”