முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்தால் யாருக்கும் இதமாகத்தான் இருக்கும். என் அப்பாவுக்கும் இதமாகத்தான் இருந்தது. அதைக் குற்றம் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சரி, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பே சாங்-கியூ, பூசான் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் மூன்றாம் நிலை கொடுத்தார்கள். முதல் நிலைதான் எழவே முடியாதவர்களுக்கு, உதவி நேரமும் அதற்குத்தான் அதிகம். அதன்படி தினமும் பராமரிப்புப் பணிப்பெண் மால்-சுக் வந்து அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, நடக்கப் பழக்கிவிட்டுப் போவாள். இன்று என்மேல் புகார் கொடுத்திருக்கும் அதே மால்-சுக்தான்.

நிலையை மறுபடி சோதிக்க அதிகாரி வந்த அன்று, அப்பா கோட்டு போட்டுவிடச் சொன்னார். வந்தவர் முன்னால் படுத்துக் கிடந்தால் அவர் மானம் கப்பலேறிவிடும்.

"ஐயா, நீங்களா எந்திரிக்க முடியுமா?" என்று கேட்டாள் அந்த அதிகாரி.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? காலைலகூட கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தேன்."

பச்சைப் பொய். சுவரைப் பிடித்து எழுந்து அவளுக்குப் பார்லித் தேநீரும் எடுத்து வந்தார். நான் மறுத்துச் சொன்னேன்.

"இவ பேச்சைக் கேக்காதம்மா. எனக்கு முன்னாடி இவதான் படுக்கையில விழுவா."

இருவரும் சிரித்தார்கள். அவள் படியிறங்கியதும் சோபாவில் சரிந்து மூத்திரம் போனார். துடைத்தவள் நான். நிலை இறங்கியது, மால்-சுக் வரும் நேரமும் குறைந்தது.

அடுத்த சோதனையில் அவர் எழக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"முட்டிக்கு அடியில தலையணை வைக்காதீங்கக்கா. மூட்டு அப்படியே இறுகிப்போயிரும்," என்று மால்-சுக் ஒருமுறை சொல்லியிருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவள் வரும்போது எடுத்துவிடுவேன். போனதும் இரண்டாக வைப்பேன். அவர் இறங்க முடியாதபடி கட்டிலின் பக்கக் கம்பியையும் ஏற்றிவிடுவேன்.

"வலிக்குதுடி, எடுத்துடு."

"கொஞ்சம் பொறுங்கப்பா."

குளிர்காலம் முடிவதற்குள் கால்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. அதிகாரி மறுபடி வந்தாள். அப்பா கேட்டபடி கோட்டு போட்டுவிட்டேன். கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார், கால் வரவில்லை. அவள் முன்னால் அழுதார். அழுவதையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் நிலை கிடைத்தது.

முதல் நிலை என்றால் மால்-சுக்கை இன்னும் அதிக நேரம் வைத்திருக்கலாமே, ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறீர்கள். அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அப்பா முகம் மலரும். "வாம்மா, நீ வந்தாத்தான் வீட்டுல வெளிச்சம்" என்று மடங்கிய காலோடு எழப் பார்ப்பார். என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு நாளும் அப்படி எழுந்ததில்லை. இப்போது யாருக்காகவும் எழ மாட்டார்.

புகார் வந்ததும் நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து அவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெற்ற மகள் நான் இருக்கும்போது அவருக்கு வேறு யாரும் தேவையில்லை.