உபயம் எழுதிய வாளிகள்

ஹவுன்ஸ்லோ பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரு சகோதரர்கள். விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து, மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சாய்ந்திருந்தார்கள்.

“கஞ்சாச் செடியெல்லாம் வெள்ளத்திலை போயிட்டுது, அண்ணை.”

மூத்தவர் கண் திறக்கவில்லை. “அந்தச் சதுப்புக் காட்டுக்கை ஆறு ஏறுமெண்டு சொன்னனானெல்லே.”

“அதுக்குத்தான் நிலத்திலை நடாமல் வாளியளிலை வச்சனான். வாளியோடை மிதந்துபோய்ப் பார்க்கிலை ஒதுங்கிக் கிடக்காம்.”

மூத்தவர் கண் திறந்தார். “எந்த வாளி?”

“கோயில் அன்னதானத்துக்கு நாங்கள் குடுத்ததுகள். பழசெண்டு எறிய வச்சிருந்தவை.”

“அதிலை ‘உபயம்’ எண்டு அப்பான்ரை பேரெல்லோ எழுதியிருக்கு?”

“ஓம். தமிழிலைதானே. வெள்ளைக்காரப் பொலிசுக்கு வாசிக்கத் தெரியாது.”

பஸ் இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது.

“நான் இடைக்கிடை பொலிசுக்குத் தமிழ் மொழிபெயர்க்கப் போறது உனக்குத் தெரியுந்தானே,” என்றார் மூத்தவர். “காலமை போன் எடுத்தவை. ஆத்திலை வந்த வாளியிலை ஏதோ எழுதிக் கிடக்காம், வந்து வாசிக்கட்டாம்.”

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பத்து மணிக்கு வாறனெண்டு சொல்லிப்போட்டன்,” என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.