பிழை பிடிக்கப் போன பள்ளிக்கூடம்

அப்பிடி இல்லைத் தம்பி. வேதக்காரப் பள்ளிக்கூடம் எண்டாலும் அது அரசாங்கப் பள்ளிக்கூடம்தான், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. இங்கிலாந்துச் சேர்ச்சும் அரசாங்கமும் சேர்ந்து நடத்துகினம். முதல்ல கண்ணாடியைப் பாருங்கோ. நடுக்கண்ணாடி இல்லை, பக்கக் கண்ணாடி. ம். பஸ்காரன் சிக்னல் போட்டிட்டான், அவனை விடுங்கோ. மொன்றியல்ல பஸ் வெளிக்கிட்டா வழி விடவேணும், அது சட்டம். இப்ப எடுங்கோ, மெல்ல மெல்ல. ஸ்டியரிங்கை ஏன் கழுத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறியள்? அது ஓடாது.

நீங்கள் இப்பவே கேட்டது நல்லது, பிரவின்குமார். கனபேர் லண்டன் போய் இறங்கின பிறகுதான் பள்ளிக்கூடம் தேடுறவை. கொம்பனி உங்களுக்கு வீடு தாற இடம் எது எண்டனீங்கள்? அப்ப அதேதான். நான் பாத்தது அதுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். போன ஒக்டோபர் லண்டன் போய் நிண்டனான், அப்ப பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுற பின்னேரம் ஒண்டு வைச்சவை. எங்கட பிள்ளை ஒண்டுக்குப் பாக்கத்தான் போனது. ஆர்த்திகா எண்டு பேர். இஞ்ச பிறந்த பிள்ளை, ரெண்டு வருசத்துக்கு முந்தித் தாயோட லண்டனுக்குப் போனவ. ஆற்ற பிள்ளையோ? எங்கட சொந்தம்தான், ரோட்டைப் பாருங்கோ. அறே எண்டு எழுதின சிவப்புப் பலகை தெரியுதெல்லோ. நில்லுங்கோ. இல்லை, நீங்கள் நிக்கேல்லை, உருட்டினீங்கள். பொலிஸ்காரன் நிண்டிருந்தா பொஞ்சூர் சொல்லித் தண்டத் துண்டு தந்திருப்பான்.

இடம் எப்பிடிக் கிடைக்கும் எண்டு கேட்டனீங்கள். பாதி இடம் சேர்ச்சுக்குப் போற குடும்பங்களுக்கு. மற்றப் பாதி, கிட்ட இருக்கிற ஆருக்கும். சைவமோ முஸ்லிமோ பிரச்சினை இல்லை. பள்ளிக்கூட வாசலில இருந்து உங்கட வீட்டு வாசலுக்கு ஒரு நேர்கோடு கீறி அளப்பினம். நடுவில ரயில் பாதை கிடந்தாலும் அவைக்குக் கவலை இல்லை. அதால வீடு எடுக்கேக்க யோசிச்சு எடுங்கோ.

ஆர்த்திகாவின்ர மாமன் தியாகலிங்கம், தாய்க்குத் தமையன், அவற்ற வீடு கொஞ்சம் தூர. அதால அவர் தன்ர மகனுக்காகச் சேர்ச்சுப் பக்கத்தால போனவர். எங்கட தியாகலிங்கத்தார் கோயில் திருவிழாவில ஒரு நாள் உபயகாரர், தெரியுமோ. ஞாயிறு காலமை தோய்ஞ்சு, திருநீறு பூசி, சாமிக்குப் பூ வைச்சு, தேவாரமும் பாடிப்போட்டுக் காரில ஏறுவார். சேர்ச்சு வாசலில வைச்சு ரிஷுக் கடதாசியால நெத்தியைத் துடைப்பார். பேந்து உள்ள போய் முன் வாங்கில இருந்து அவையின்ர பாட்டும் பாடுவார். குரல் நல்ல குரல். பாதிரியாருக்கு ஆளை நல்லாப் பிடிச்சுப்போச்சு.

வருசத்தில ஒரு நாள் அங்க பாதிரியாரே எல்லாற்ற நெத்தியிலயும் சாம்பல் பூசுவார். சாம்பல் புதன் எண்டு சொல்லுறவை. அண்டைக்கு மட்டும் தியாகலிங்கத்தார் துடைக்காமப் போயிருக்கிறார். வரிசையில இவற்ற முறை வர, பாதிரியார் கையைத் தூக்கிப்போட்டு, நெத்தியைப் பாத்து, உமக்கு ஏற்கெனவே ஆரோ பூசிப்போட்டினமே எண்டு கேட்டிட்டு அடுத்த ஆளிட்டப் போட்டாராம். சிரியுங்கோ, ஆனா காலைப் பிரேக்குக்குக் கிட்ட வைச்சுக்கொண்டு சிரியுங்கோ. பெடியனுக்கு இடம் கிடைச்சு ரெண்டு வருசமாகுது. மனிசன் இப்பவும் ஞாயிற்றுக்கிழமை போறார். ஏன் அண்ணை இன்னும் போறியள் எண்டு கேட்டன். அங்க தாற கேக் நல்லது எண்டார். எனக்கெண்டா அவருக்கு உண்மையாவே பிடிச்சிட்டுது, சொல்ல வெக்கப்படுறார்.

இல்லை இல்லை, திரும்பாதேங்கோ. சிவப்பில வலப்பக்கம் திரும்பிறது வெளியூரில. இந்த மொன்றியல் தீவுக்குள்ள பச்சை வரும்வரைக்கும் நிக்கவேணும்.

பள்ளிக்கூடம் எப்பிடியோ? சொல்லுறன். நாங்கள் நாலு பேர் போனது. பிள்ளை, தாய், மாமன், நான். முதல்ல பெரிய மண்டபத்தில இருத்தினவை. கதிரை சரியான சின்னன். ஒரு பள்ளிக்கூடத்தில பெற்றோரை இருத்த நல்ல கதிரை இல்லை, இது ஒண்டு எண்டு மனசுக்குள்ள குறிச்சன். பிறகு அவையின்ர உடுப்பு. பொம்பிளைப் பிள்ளையளும் ரை கட்டவேணும், கோட்டுப் போடவேணும். பதினொரு வயசுப் பிள்ளைக்குக் கழுத்தில சுருக்கு எதுக்கு எண்டு தியாகலிங்கத்தாரைக் கேட்டன். சத்தம் போடாதேங்கோ எண்டு அவர் என்ர முழங்கையில கிள்ளினவர்.

தலைமை ரீச்சர் மெல்லிசான மனிசி. கதைச்சு முடிச்சிட்டு, கேள்வி இருக்கோ எண்டா. அந்தப் பெரிய சனத்துக்க நான் கையைத் தூக்கினன். பிளேனில வரேக்கயே யோசிச்சு வைச்ச கேள்வி. காலமை நீங்கள் யேசுவைக் கும்பிடேக்க எங்கட சைவப் பிள்ளையள் என்ன செய்யிறது எண்டு கேட்டன். தடுமாறுவா, இல்லாட்டி எல்லாரும் கும்பிடத்தான் வேணும் எண்டுவா எண்டு நினைச்சன். ரெண்டும் இல்லை. விருப்பமில்லாத பெற்றோர் எழுதித் தந்தா நாங்கள் பிள்ளையை இருத்தமாட்டம், ஆனா அநேகமா எல்லாப் பிள்ளையளும் இருக்கினம், கடைசியில கொஞ்ச நேரம் சத்தமில்லாம விடுவம், அந்த நேரம் பிள்ளையின்ரது, அதுக்குள்ள அது ஆரை நினைக்குதெண்டு நாங்கள் கேக்கிறதில்லை எண்டா. சனம் தலையாட்டிச்சுது. பக்கத்தில இருந்த சீக்கிய மனிசன் என்னைப் பாத்துச் சிரிச்சார், நல்ல கேள்வி எண்டு. எனக்குச் சரியான எரிச்சல்.

எரிச்சல்தான். நல்ல பதில் வந்தா ஏன் எரிச்சல் எண்டு கேக்கிறியள். வாறன், பொறுங்கோ. அந்தப் பனிக்குவியலுக்குக் கிட்டப் போகாதேங்கோ, பங்குனி மாசத்துப் பனி கல்லு மாதிரி.

பேந்து சுத்திப் பாக்க விட்டவை. நான் நேர கக்கூசுக்குப் போனன். ஓம், பாக்கத்தான். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி அங்க தெரியிறது மண்டபத்தில தெரியாது. சவுக்காரம் இருந்தது. துடைக்கிற கடதாசி இருந்தது. கதவெல்லாம் உள்ளால ஒழுங்காப் பூட்டுப்பட்டுது. கடைசியில ஒரு குழாய் ஒழுகினது, தம்பி. கடவுளே எண்டு வெளிய வந்து தாயிட்டச் சொன்னன், குழாய் ஒழுகுது எண்டு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. சாப்பாட்டறையில முட்டைக்கோவா அவிச்ச மணம். அதையும் சொன்னன். விஞ்ஞான அறையில ஒரு பெடியன் எலுமிச்சம்பழத்தில வயரைக் குத்தி லைட் எரிச்சுக் காட்டினான். அதில ஒரு பிழையும் பிடிக்க ஏலாமப் போச்சு. லைட் வடிவா எரிஞ்சது.

கடைசியாப் பிரெஞ்சு வகுப்பு. சுவர் முழுக்கப் பாரிஸ் கோபுரமும் நீட்டுப் பாணும். வாத்தியார் இளம் பெடியன், வெள்ளைக்காரன். வாற பிள்ளையளிட்ட ரெண்டு சொல்லுக் கேட்டு விளையாட்டுக் காட்டிக்கொண்டு நிண்டவர். மூலைக் கடைக்குப் பிரெஞ்சில என்ன எண்டு கேட்டார். ஆர்த்திகா டெப்பனர் எண்டா. அவர் சிரிச்சிட்டு, இல்லைப் பிள்ளை, டெப்பனர் எண்டா பிரான்சில பழுதான காரைத் திருத்த வாற ஆள் எண்டார்.

பிள்ளை விடேல்லை. எங்கட ஊரில வீட்டில பால் முடிஞ்சா டெப்பனருக்குத்தான் ஓடுறது, அவன்ர வேலை காலமைச் சாப்பாட்டைத் திருத்திறது எண்டா. முழுக்கப் பிரெஞ்சில, எங்கட மொன்றியல் பிரெஞ்சில. அந்த வாத்தியார் அப்பிடியே மேசையில ஏறி இருந்திட்டார். இன்னும் சொல்லு, இன்னும் சொல்லு எண்டு கேக்கிறார். இவ சொல்லுறா, எங்கட ஊரில ஜூலை முதலாம் திகதி எல்லாரும் ஒரே நாளில வீடு மாறுவினம், ரோட்டெல்லாம் கட்டிலும் மேசையும் கிடக்கும், ஒருக்கா ஆற்றையோ சோபாவில நாங்கள் நடைபாதையில இருந்து ஐஸ்கிறீம் குடிச்சனாங்கள் எண்டு. மற்றப் பிள்ளையள் சுத்தி வந்திட்டினம். வாத்தியார் இங்கிலிசில மாத்திச் சொல்லச் சொல்ல, பெற்றோரும் நிண்டு கேக்கினம். எலுமிச்சம்பழக்காரப் பெடியனும் வந்திட்டான்.

இஞ்ச இருக்கேக்க இந்தப் பிள்ளை வாய் திறக்காது. இஞ்ச வில்லரேப் பக்கம் படிச்ச பள்ளிக்கூடத்தில ரெண்டு தரம் கூப்பிட்டுச் சொன்னவை, நல்லாப் படிக்கிறா, ஆனா கதைக்கிறா இல்லை எண்டு. அந்தப் பிள்ளை அங்க நிண்டு எங்கட ஊரில, எங்கட ஊரில எண்டு கதைக்குது. நான் உங்களுக்கு யாழ்ப்பாணத்தைப் பற்றிச் சொல்லுவனே, அதே மாதிரி. விட்டிட்டு வந்து, இனித் திரும்பிப் போகாத ஆக்கள்தான் அப்பிடிக் கதைக்கிறது. எனக்கு அது அங்க நிக்கேக்கதான் விளங்கினது.

உதில அந்த மரத்தடியில இடம் இருக்கு, ஓரமா விடுங்கோ. பின்னுக்குப் பாத்து. இன்னும் கொஞ்சம். போதும். பரவாயில்லை, நீங்கள் சோதினை பாஸ் பண்ணுவியள். இஞ்ச எடுத்த லைசன்சை அங்க மாத்தலாமாம், ஆனா ரோட்டில மற்றப் பக்கத்தால போகவேணும், மறந்திடாதேங்கோ.

என்ன? இவ்வளவு பிழை சொல்லிப்போட்டு நல்ல பள்ளிக்கூடம் எண்டு ஏன் சொல்லுறன் எண்டோ?

ஆர்த்திகா என்ர மகள், தம்பி. தாய் யோகராணி, என்ர மனிசி. மனிசியா இருந்தவ. நாங்கள் சண்டை பிடிச்சுப் பிரியேல்லை. கதைக்கிறதை விட்டிட்டம், அவ்வளவுதான். ஒரே வீட்டில ரெண்டு பேர் வாடகைக்கு இருக்கிற மாதிரி. பிள்ளையும் எங்களைப் பாத்துத்தான் கதைக்காம இருந்திருக்கு எண்டு நினைக்கிறன். அவவுக்கு லண்டன் ஆஸ்பத்திரியில நேர்ஸ் வேலை கிடைச்சது, தமையனும் அங்க, பிள்ளையோட வெளிக்கிட்டிட்டா. சின்னப் பள்ளிக்கூடம் முடியுமட்டும் பிள்ளை தாயோட, பெரிய பள்ளிக்கூடத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்து முடிவெடுக்கிறது எண்டு பேச்சு.

நான் இஞ்ச பிள்ளையின்ர அறைக்குப் புதுப் பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தான் பிளேன் ஏறினனான்.

அண்டைக்குப் பஸ் தரிப்பில நிக்கேக்க யோகராணி கேட்டா. நீங்கள் எல்லாத்தையும் பாத்தாச்சு, உங்களுக்குப் பிடிக்கேல்லை எண்டாச் சொல்லுங்கோ, நான் இதுக்கு விண்ணப்பம் போடமாட்டன், வேறயும் தேடமாட்டன், பிள்ளை உங்களிட்ட மொன்றியலுக்கு வரட்டும் எண்டா. அவ சொல்லு மாறுற ஆள் இல்லை. ஒரு சொல்லுத்தான் நான் சொல்லவேண்டி இருந்தது. அங்கால பிள்ளை மாமனுக்கு அந்த வாத்தியார் மாதிரி நடிச்சுக் காட்டிக்கொண்டு நிக்கிறா. தியாகலிங்கத்தார் தூணைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறார்.

நல்ல பள்ளிக்கூடம், போடுங்கோ எண்டு சொன்னன்.

இந்த மாசத் தொடக்கத்தில இடம் கிடைச்சிட்டுது. பிள்ளை டெலிபோனில சத்தம் போட்டுச் சொன்னா, நான் காதில இருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுக் கேட்டன். செப்டெம்பர்ல சேருறா. உங்கட மகளுக்குப் பத்து எண்டனீங்கள், அப்ப ஒரு வருசம் கீழ வருவா. நான் வேற ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லேல்லை, தம்பி. பிழை பிடிக்க எண்டே கடல் தாண்டிப் போன ஆள் சொல்லுறன். யோசிக்காமச் சேருங்கோ.